ஒரு சதுரங்கப் பையனும் கூகுள் தரவரிசையும்: ஜெர்மனி தரும் 7 ஆச்சரியங்கள்... தெரியுமா?

இணையதளம் நடத்துகிறவர்கள் காலையில் கண் விழித்ததும் முதலில் பார்ப்பது எதை, தெரியுமா? கூகுளில் தங்கள் தளம் இன்று எத்தனையாவது இடம் என்பதைத்தான்! பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒரு நாள்தான் ரிசல்ட் படபடப்பு. இவர்களுக்கோ தினம் தினம் ரிசல்ட்! இந்த இடத்தை நம்பி வாழ்ந்தவர்கள், இதனால் ஆடிப்போனவர்கள், இதோடு விளையாடிப் பார்த்தவர்கள் என்று ஜெர்மனியில் கதைகள் கொட்டிக் கிடக்கின்றன. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

1. இரண்டாம் பக்கத்தில் ஆள் நடமாட்டமே இல்லை!

தன் ஷாப்பிங் சேவையை மேலே வைத்து, போட்டி விலை ஒப்பீட்டுத் தளங்களைக் கீழே தள்ளியதாக 2017 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் போட்டது. அப்போது ஆணையம் வெளியிட்ட கணக்கைக் கேளுங்கள். கணினித் தேடலில் முதல் பக்கத்திலுள்ள 10 முடிவுகளுக்கே சுமார் 95 சதவீத கிளிக்குகள் போய்விடுகின்றன. முதலிடத்துக்கு மட்டும் சுமார் 35! இரண்டாம் பக்கத்தின் முதல் முடிவுக்கு? வெறும் 1 சதவீதம்! கீழே தள்ளப்பட்ட சில தளங்களுக்கு ஜெர்மனியில் வருகை 92 சதவீதம் வரை சரிந்தது. நூறு பேர் வந்த கடைக்கு எட்டே பேர் வந்தால் எப்படியிருக்கும், யோசித்துப் பாருங்கள்!

2. பி.எம்.டபிள்யூவே காணாமல் போனது!

2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூவின் ஜெர்மன் இணையதளத்தைக் கூகுள் தன் தேடல் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டது! என்ன காரணம்? தேடுபொறியின் கண்ணுக்கு மட்டும் 'பழைய கார்' போன்ற சொற்களை அள்ளி நிரப்பிய பக்கங்கள். மனிதர்கள் அவற்றைத் திறந்தாலோ சட்டென்று வேறொரு பக்கத்துக்குத் தாவிவிடும். அந்தப் பக்கங்களை நீக்கிய பிறகு, சில நாட்களில் தளம் மீண்டும் பட்டியலில் ஏறியது. உலகமே அறிந்த பெயர். அதற்கும் தரவரிசை ஆசை விடவில்லை, தண்டனையும் தப்பவில்லை!

3. இரண்டே வாரத்தில் இறங்கி வந்த பத்திரிகை சாம்ராஜ்யம்!

தேடல் முடிவுகளில் செய்தித் துணுக்குகளைக் காட்டினால் பதிப்பாளர்கள் பணம் கேட்கலாம் என்று 2013-ல் ஜெர்மனி சட்டம் கொண்டுவந்தது. அதை நம்பி 2014 அக்டோபரில் ஆக்ஸல் ஸ்பிரிங்கர் குழுமம் வெல்ட் உட்பட நான்கு தளங்களின் துணுக்குகளை இலவசமாகக் காட்ட அனுமதி மறுத்தது. கூகுள் வெறும் தலைப்பை மட்டும் காட்டியது. அவ்வளவுதான்! தேடலிலிருந்து வந்த வாசகர்கள் கிட்டத்தட்ட 40 சதவீதமும், கூகுள் நியூஸிலிருந்து வந்தவர்கள் கிட்டத்தட்ட 80 சதவீதமும் குறைந்தார்கள். நவம்பர் 5-ம் தேதி குழுமம் பழையபடி அனுமதி கொடுத்துவிட்டது. இரண்டு வரித் துணுக்கு போனதற்கே இந்தப் பாடு! ஐரோப்பாவின் மிகப் பெரிய பதிப்பகங்களில் ஒன்றுக்கே இந்தக் கதி என்றால், தனியாளாகத் தளம் நடத்துகிறவர் என்ன செய்வார்?

4. கூகுள் தராத மதிப்பெண்ணுக்கு ஒரு தேசமே காத்திருக்கிறது!

பான் நகரத்தின் சிஸ்ட்ரிக்ஸ் நிறுவனம் 2008 முதல் ஒரு குறியீட்டெண் கணக்கிடுகிறது. பத்து லட்சம் தேடல் சொற்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் முதல் 100 இடங்களில் எந்தத் தளம் எங்கே நிற்கிறது என்று பார்த்து, தளத்துக்கு ஒரே எண்! ஜெர்மனியில் எஸ்.இ.ஓ. எனப்படும் தேடுபொறி உகப்பாக்க வட்டாரத்தில் இதுதான் நாடித்துடிப்பு. இது கூகுள் கொடுக்கும் எண் அல்ல, வெளியிலிருந்து எடுக்கும் மதிப்பீடு!

5. இல்லாத மீனுக்குப் போட்டி போட்டார்கள்!

2002 நவம்பரில் ஜெர்மன் தளக்காரர்கள் 'ஷ்னிட்செல்மிட்கார்ட்டோஃபெல்ஸலாட்' என்று ஒரே மூச்சில் எழுதிய சொல்லில் யார் முதலிடம் பிடிப்பது என்று பந்தயம் கட்டினார்கள். இறைச்சி வறுவலும் உருளைக்கிழங்கு சாலட்டும் என்று பொருள்! 2005-ல் ஹனோவரின் 'ட்ஸே-டே' கணினி இதழ் இன்னும் ஒரு படி மேலே போய், 'ஹோமிங்பெர்க் ஊரின் சிவிங்கி மீன்' என்று இல்லாத ஒரு மீனையே படைத்துப் போட்டி வைத்தது. தரவரிசையை எதுவெல்லாம் ஆட்டுவிக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான்! ஒரு பக்கம்கூட இல்லாதிருந்த மீனுக்கு லட்சக்கணக்கான பக்கங்கள் முளைத்தன!

6. மேலே இருப்பதெல்லாம் மேலானதா?

லைப்சிக், வைமார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பொருள் விமர்சனம் கேட்கும் 7,392 தேடல்களை ஓராண்டு கவனித்து, 2024 தொடக்கத்தில் முடிவைச் சொன்னார்கள். முன்வரிசைப் பக்கங்களில் பெரும்பாலானவை கமிஷன் இணைப்புகளால் பிழைப்பவை. அந்த இணைப்புகள் கூடக் கூட எழுத்தின் செறிவு குறைகிறது! இடத்துக்காக எழுதினால் எழுத்து மெலியும். வேதனைதான், ஆனால் உண்மை.

7. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சதுரங்கப் பலகை!

1998-ல் கூகுளின் நிறுவனர்கள் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் கொண்டுவந்த பேஜ்ராங்க் என்ற தரவரிசை முறை, எத்தனை தளங்கள் உங்களைச் சுட்டுகின்றன என்று மட்டும் எண்ணவில்லை. சுட்டுகிறவரின் தகுதி என்ன என்றும் கேட்டது. புதுமையான யோசனை, இல்லையா? 103 ஆண்டுகளுக்கு முன்பே, 1895-ல், பெர்லினில் பிறந்த எட்மண்ட் லாண்டாவ் என்ற 18 வயது இளைஞர் ஒரு ஜெர்மன் சதுரங்க இதழில் இதே கேள்வியை அலசிவிட்டார்! பலசாலியை வென்றவருக்கும் பலவீனரை வென்றவருக்கும் ஒரே மதிப்பெண் நியாயமா? ஒருவரின் மதிப்பு மற்றவரின் மதிப்பைச் சார்ந்திருக்க, இப்படிச் சுற்றிச் சுற்றி மதிப்பிட்டாலும் விடை கிடைக்கும் என்பதற்கு அடித்தளம் போட்டவர்கள் பெரோன் (1907), ஃபுரோபேனியுஸ் (1912). இருவருமே ஜெர்மன் கணித மேதைகள்!

அந்தப் பேஜ்ராங்கை 0 முதல் 10 வரை ஓர் எண்ணாகக் கூகுள் டூல்பாரில் பார்க்க முடிந்தது. அதைப் பார்த்தே இணைப்புகளை விலைக்கு வாங்கினார்கள், விற்றார்கள். 2016-ல் கூகுள் அந்த எண்ணைப் பார்வையிலிருந்தே எடுத்துவிட்டது. காசு கொடுத்துச் சேர்த்தது என்ன ஆயிற்று?

தளம் நடத்தும் நம் தமிழ் நண்பர்களே, லாண்டாவ் கேட்ட கேள்வியை நாமும் கேட்டுக்கொள்வோம்: நம்மை மெச்சுகிறவர் யார்? தேடாமலே நம் தளத்தின் பெயரைத் தட்டி உள்ளே வரும் வாசகர் நூறு பேர் இருந்தால், நாளைக் காலை எந்த எண் எங்கே இறங்கினாலும் அவர்கள் வந்துவிடுவார்கள்!