வீட்டை விரைவாக விற்க வேண்டுமா? முதலில் வாரிசுகளின் கையெழுத்தைக் கவனியுங்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் பகுதிகளில் பல குடும்பங்களின் வருமானம் தோல், காலணித் தொழிலையே நம்பியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது இங்குள்ள ஏற்றுமதித் தொழிலில் கவலை சூழ்ந்தது. இதுபோன்ற நெருக்கடியில் கடனை அடைக்கவோ மகளின் திருமணத்தை முடிக்கவோ வீட்டை அவசரமாக விற்க நேரிடலாம். அப்போது பெயின்டரைக் கூப்பிடும் முன் செய்ய வேண்டியவை சில உள்ளன.

வீடு யாருடையது?

வீடு மவ்த்தான தந்தையின் பெயரில் இருந்தால், அவர் இறந்த நொடியிலேயே அது வாரிசுகள் அனைவருக்கும் உரியதாகிவிடுகிறது. அந்த வீட்டில் குடியிருக்கும் மகனுக்கு மட்டும் அது சொந்தமில்லை. திருமணமாகிப் போன சகோதரிகளுக்கும் பங்கு உண்டு. சீர் செய்தாயிற்று என்பதால் அந்தப் பங்கு போய்விடாது. சூரா அந்நிஸாவின் 11, 12ஆம் வசனங்கள் பங்குகளைத் தெளிவாக நிர்ணயித்துள்ளன.

ஓர் உதாரணம்: தந்தையின் கடனும் வஸிய்யத்தும் போக வீட்டின் மதிப்பு 48 லட்சம். மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள் மட்டுமே வாரிசுகள். மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 6 லட்சம். மீதி 42 லட்சத்தில் மகன்களுக்கு ஆளுக்கு 14 லட்சம், மகள்களுக்கு ஆளுக்கு 7 லட்சம்.

இந்தக் கணக்கை வீடு விற்ற பிறகு பேசினால் சண்டை. விற்கும் முன்பே எழுதி, எல்லோரும் ஒப்புக்கொண்டால் விற்பனையும் வேகமாக நடக்கும், உறவும் நிலைக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் வாரிசு, இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று பவர் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். வாரிசுகளில் 18 வயது நிரம்பாதவர் இருந்தால், அவரது பங்கைத் தாயோ அண்ணனோ தாங்களாக விற்க முடியாது. மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி தேவை.

ஆவணங்கள்

வாரிசுச் சான்றிதழ், மூலப்பத்திரம், வாரிசுகள் பெயருக்கு மாற்றிய பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று, சொத்துவரி மற்றும் மின்கட்டண ரசீதுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். வங்கிக் கடனில் வாங்குபவரின் வழக்கறிஞர் இவற்றைத்தான் முதலில் கேட்பார்.

விலை வைப்பது எப்படி?

அரசின் வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறை இணையதளத்தில் பார்க்கலாம். ஆனால் அது பத்திரச் செலவுக்கான அடிப்படை, சந்தை விலை அல்ல. அதே தெருவில் அண்மையில் கைமாறிய இரண்டு மூன்று வீடுகளின் விலையை விசாரியுங்கள். மனைக்கு சென்ட் கணக்கில் ஒரு விலை போட்டு, கட்டடத்துக்கு அதன் வயதைக் கழித்து மதிப்பிடுங்கள்.

வாங்குபவருக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று பொதுவாக 9 சதவீதம் செலவாகும். 48 லட்சத்துக்கு அது 4,32,000 ரூபாய். அவர் கையிலுள்ள பணத்தில் இதுவும் அடங்கும் என்பதை மறக்க வேண்டாம்.

விலையை ஏற்றிவிட போலி ஆளை வைத்துக் கேட்கச் செய்வது ‘நஜ்ஷ்’. நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்துள்ளார்கள். தரகர் செய்தாலும் அதே தவறுதான்.

பக்கத்து வீட்டாரிடமும் பங்காளியிடமும் முதலில் கேளுங்கள். மார்க்கமும் அதையே வலியுறுத்துகிறது. அந்த இடத்தின் அருமை தெரிந்தவர் சீக்கிரம் முடிவெடுக்கவும் கூடும்.

குறையை மறைக்காதீர்கள்

ஒழுகும் தளத்தைச் சரிசெய்யுங்கள், தண்ணீர்த் தொட்டியைக் கழுவுங்கள், பழைய சாமான்களை அகற்றுங்கள். இந்தச் சிறு செலவே வீட்டின் தோற்றத்தை மாற்றிவிடும்.

நம் பகுதியில் வாங்குபவர் கேட்கும் முக்கியமான கேள்வி தண்ணீர். தோல் கழிவுநீரால் பாலாற்றுப் படுகை பாதிக்கப்பட்டதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996லும் 2025லும் தீர்ப்பளித்துள்ளது. எனவே போர் தண்ணீரைப் பரிசோதித்து, முடிவை அப்படியே காட்டுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் சொல்லிவிட்டு, அதற்கேற்ப விலையைக் குறையுங்கள். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்றும், மறைத்தால் பரக்கத் அழிந்துவிடும் என்றும் ஹதீஸ் கூறுகிறது (புகாரி).

அட்வான்ஸ் வாங்கும்போது

20,000 ரூபாயோ அதற்கு மேலோ அட்வான்ஸை ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி குற்றம். வாங்கிய தொகைக்கு நிகரான அபராதம் வரலாம். வங்கி வழியாக மட்டும் வாங்குங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். அவசரத்தைப் பயன்படுத்தி, “இப்போதைக்கு பவர் மட்டும் எழுதிக் கொடுங்கள்” என்பவரிடம் கவனமாக இருங்கள்.

இன்றிரவே உடன்பிறந்தவர்களுக்கு ஒரு போன் செய்யுங்கள். சகோதரியின் பங்கை முதலில் ஒதுக்கிவிட்டு விற்கும் வீட்டின் பணம், இன்ஷா அல்லாஹ், மனநிம்மதியோடு கைக்கு வரும்.