உங்களுக்குத் தெரியுமா? ஒரே பாவில் இரு ஜனாதிபதிகள்

1945 ஏப்ரலில் காலமான அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கும் இரண்டாம் உலக யுத்தத்தில் உயிர்நீத்த அமெரிக்கப் போர்வீரர்களுக்கும் அஞ்சலியாக எழுந்த மகத்தான இசைக்காவியத்தை இயற்றியவர், அந்நாடு எதனோடு பொருதியதோ அந்த ஜெர்மனியிலே பிறந்த பால் ஹிண்டெமித்!

• அதற்குச் சாகித்தியமாக அமைந்தது, 1865 ஏப்ரலில் கொலையுண்ட ஆபிரகாம் லிங்கனையும் உள்நாட்டு யுத்தத்தில் மாண்டோரையும் நினைந்து வால்ட் விட்மன் பாடிய இரங்கற்பா. அதில் லிங்கனின் நாமம் ஓரிடத்திலும் இல்லை. ரூஸ்வெல்ட்டின் கீர்த்தியை லிங்கனுடையதோடு ஒருங்கே வைத்துப் போற்றிய தேர்வு இது.

• நாஜி ஆட்சி தம் இசையைத் தடைசெய்தபின் அமெரிக்காவில் குடிபுகுந்த ஹிண்டெமித், இக்காவியம் அரங்கேறிய 1946-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டுப் பிரஜையானார்.

• அமெரிக்கப் படைவீரர்களின் நல்லடக்கத்தில் ஊதப்படும் ‘டாப்ஸ்’ எனும் 24 ஸ்வர எக்காள கீதமும் இதில் மேடைக்கு அப்பாலிருந்து ஒலிக்கிறது.