புற்றுநோய்க்கு ‘பம்பு’ மருந்து வருமா?

மதுரை —

இழுப்புக்காரர்களுக்கு பனகல் ரோட்டு மருந்துக் கடையில் ‘பம்பு’ கிடைக்கிறது. வாயில் வைத்து ஒரு அமுக்கு, மூச்சு லேசாகிவிடும். நுரையீரல் புற்றுக்கு மட்டும் ஏன் ஊசியும் பாட்டிலும்? மருந்தை நேரா நெஞ்சுக்குள்ளேயே அனுப்பினால் என்ன?

நியாயமான கேள்விதான். ஊசி மருந்து உடம்பு பூரா ஓடுகிறது. வாந்தி வாட்டும். ‘சிஸ்பிளாட்டின்’ என்ற மருந்து கிட்னியையே பதம் பார்க்கும்.

அதே சிஸ்பிளாட்டினைக் கொழுப்புத் துகளில் பொதிந்து, புகை மாதிரி இழுக்க வைத்து வெளிநாட்டு டாக்டர்கள் சோதித்தார்கள். 2007-ல் முடிவு வெளியானது. 17 நோயாளிகள். கிட்னி தப்பியது. 12 பேருக்குக் கட்டி வளராமல் நின்றது. 4 பேருக்கு வளர்ந்தது. கரைந்தது என்று ஒருவரும் இல்லை.

தொண்டையில் நிற்கும் மருந்து

துளி 5 மைக்ரானுக்கு மேல் பருத்தால் பெரும்பாலும் தொண்டையோடு சரி. ரொம்பப் பொடியானால் வெளிமூச்சில் திரும்பிவிடும். அது பக்கத்தில் நிற்கும் நர்சுக்கும் ஆபத்து. கட்டியே மூச்சுக்குழாயை அடைத்திருந்தால் மருந்து போக வழி ஏது? பீடிப் புகைக்கு மட்டும் எப்படியோ வழி தெரிகிறது!

ஆகவே கடையில் இருக்கும் பம்பு புற்றுக்கு அல்ல. யாராவது அப்படிச் சொல்லி விற்றால் ஏமாற வேண்டாம்.

இன்னொரு சங்கதி. சளியில் ரத்தம் வந்தால் ‘டி.பி.தான்’ என்று நாமே முடிவு கட்டுகிறோம். புற்றுக்கும் அதே அறிகுறி உண்டு. டி.பி. மாத்திரை தின்றும் இருமல் நிற்காதவர்கள், பெரியாஸ்பத்திரியிலோ தோப்பூர் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரியிலோ ‘புற்றா என்று பாருங்கள்’ என வாய்விட்டுக் கேட்கலாம்.