ரெண்டு போதும்னு சொன்ன வாய்

"ரெண்டு போதும்மா, ஆபரேஷன் பண்ணிக்கோ" என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போன வாய் என்னுடையது. பழைய சித்தூர் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஏ.என்.எம். (கிராமச் செவிலியர்) வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள் நான். இப்போது பெங்களூரில் இருக்கும் என் மகனுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். திருப்பதியில் எந்த மண்டபத்துக்குப் போனாலும், பந்தியில் இலை போடுவதற்குள் யாராவது கேட்டுவிடுகிறார்கள்: "இன்னா சிஸ்டர், மருமவளுக்கு விசேஷம் ஒண்ணும் இல்லியா?" கேட்பவர்களில் பாதிப் பேர் நான் கருத்தடை ஆபரேஷன் கேம்ப்புக்கு அழைத்துப் போனவர்கள். எல்லாரும் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

எங்களிடம் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு என்று ஒரு தடித்த நோட்டு இருக்கும். கல்யாணமான பெண்கள், 15 வயதிலிருந்து 49 வரை, வீட்டு வாரியாக. உயிரோடு எத்தனை பிள்ளை, கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது, காப்பர்-டியா, மாத்திரையா, நிரோத்தா, ஆபரேஷனா என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும். 1996-ல் மத்திய அரசு 'இத்தனை ஆபரேஷன்' என்ற டார்கெட் முறையைக் கைவிடும்வரை, வருஷக் கணக்கு முடியும் மார்ச் மாதம் வந்தாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். கேம்ப் அன்று விடியற்காலையிலேயே வெறும் வயிற்றோடு பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவோம். லேப்ராஸ்கோப்பி முடிந்ததும் வராந்தாவில் பாய் விரித்து வரிசையாகப் படுக்க வைப்போம். பக்கத்தில் மாமியார் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பல பெண்களுக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது.

அந்த வேலையைக் குறை சொல்ல மாட்டேன். ஐந்தாவது, ஆறாவது பிரசவத்தில் ரத்தம் போய் வெளிறிக் கிடந்தவர்களைப் பார்த்தவள் நான். ஆந்திராவில் கல்யாணமான பெண்களில் பத்தில் ஏழு பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்கிறது 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.7 பிள்ளை. மக்கள்தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும். கேரளாவில் பிள்ளைப்பேறு குறைந்ததற்குப் பெண்கள் படிப்பைக் காரணம் சொல்வார்கள். இங்கே அந்த அளவு படிப்பு பரவும் முன்பே ஆபரேஷன் தியேட்டர் அதைச் செய்துவிட்டது.

இப்போது சர்க்கார் பேச்சைத் திருப்பிப் போட்டுவிட்டது. சந்திரகிரி பக்கத்து நாராவாரிப்பல்லியில் பிறந்த முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவே, "பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்லி வருகிறார். இரண்டுக்கு மேல் பிள்ளை இருந்தால் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கக்கூடாது என்று 1994 சட்டத்தில் இருந்ததை, 2024 நவம்பரில் சட்டசபை எடுத்துவிட்டது. மூன்றாவதாக ஆண் பிறந்தால் பசுமாடு, பெண் பிறந்தால் ஐம்பதாயிரம் என்று விஜயநகரம் எம்.பி. அறிவித்தார். முதியோர் பெருகுகிறார்கள், நாளைக்குத் தொகுதி மறுவரையறையில் தெற்கின் இடங்கள் குறையும் என்ற கவலையெல்லாம் நியாயம்தான். ஆனால் பசுமாட்டைக் கட்ட பெங்களூர் அபார்ட்மென்டில் இடம் எங்கே?

பெற்றவர்கள் கவலை வேறு மாதிரி. காளஹஸ்தியில் ராகு கேது பூஜைக்கு உட்கார்ந்தால் தெரியும். டிக்கெட்டோடு கொடுத்த வெள்ளி நாகம் இரண்டையும் முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள், ஒரு பக்கம் கல்யாணமாகியும் பிள்ளையில்லாதவர்கள். கூட வந்த அம்மாக்கள்தான் அர்ச்சகர் சொல்வதை அப்படியே சொல்கிறார்கள். பிள்ளைகள் போனைப் பார்க்கிறார்கள். ஹரித்வாரில் ஒரு பெற்றோர் 2022 மே மாதம் கோர்ட்டுக்கே போய்விட்டார்கள்: ஒரு வருஷத்துக்குள் பேரப்பிள்ளை வேண்டும், இல்லையென்றால் ஐந்து கோடி நஷ்டஈடு. பேப்பரில் படித்துவிட்டு என் வீட்டுக்காரர், "நல்ல ஐடியாதான்" என்றார்.

நான் பார்த்த வேலையால் ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். தள்ளிப்போடுகிறார்களா, பிள்ளை நிற்கவில்லையா என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. முயற்சி செய்து ஒரு வருஷமாகியும் நிற்கவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு 35 தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே. உலக அளவில் ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்தச் சிக்கல் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. ஏறக்குறைய பாதித் தம்பதிகளில் ஆண் பக்கமும் காரணம் இருக்கும். விந்துப் பரிசோதனை எளிது, செலவும் குறைவு. ஆனாலும் நம் வீடுகளில் மருமகளுக்குத்தான் முதலில் ஸ்கேன், மகனுக்குக் கடைசியில். டெஸ்ட் டியூப்புக்கும் வயசு வரம்பு உண்டு: 2021 சட்டப்படி பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55. ஆனால் சட்டம் 50 என்றால் உடம்பும் 50 வரை காத்திருக்கும் என்று அர்த்தமில்லை. பெண்ணின் கருமுட்டை 35-க்கு மேலேயே வேகமாகக் குறைகிறது. இதைப் பிள்ளைகளிடம் ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிடலாம். வாராவாரம் சொன்னால் போனை எடுக்க மாட்டார்கள்.

என் மருமகள் எடுப்பாள். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது வடைக்கு உளுந்து அரைத்துக்கொண்டே அவள்தான் பேச்செடுத்தாள். "அத்தை, உங்க மகனுக்கு ராத்திரி ஷிப்ட், எனக்குப் பகல். யார் பாத்துக்குவாங்க?"

"நான் இருக்கேன்டி."

"நீங்க சித்தூர்ல இருக்கீங்க."

பேறுகால விடுப்பு 26 வாரம் என்று 2017-ல் சட்டம் வந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் அது சொன்னது. அவள் ஆபீசில் காப்பகம் இருக்கிறதாம், வீட்டிலிருந்து போக ஒன்றரை மணி நேரம். கைக்குழந்தையோடு பெங்களூர் சில்க் போர்டு ட்ராபிக்கில் தினம் போக முடியுமா என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. என் பதிவேட்டில் 'யார் பார்த்துக்கொள்வார்கள்' என்று ஒரு கட்டம் இருந்ததேயில்லை. மாமியாரோ அம்மாவோ வீட்டில் இருப்பார்கள் என்றுதான் சர்க்காரும் நானும் வைத்துக்கொண்டிருந்தோம். இன்றைக்கு அந்த மாமியார் நூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறாள்.

அன்றைக்கு ராத்திரி வீட்டுக்காரரிடம், குழந்தை பிறந்தால் இரண்டு வருஷம் பெங்களூரில் போய் இருக்கலாமா என்று கேட்டேன். பேரனுக்காகக் காணிப்பாக்கம் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டவர் அவர். யோசித்தார். "நம்ம தோத்தாபுரி மாங்கா அறுவடை ஜூன், ஜூலைன்னு தெரியும்ல? அந்த ரெண்டு மாசம் வர முடியாது, சொல்லிடு" என்றார்.