படகோட்டியிடம் இருக்க வேண்டிய அட்டை

வெளியில் புறப்படும்பொழுது அடையாளக் கார்டு இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பது நம் தோட்ட மக்களின் நெடுநாளைய பழக்கமாகும். 1948ஆம் ஆண்டில், அவசரகாலத்தின்பொழுது மலாயாவில் நடைமுறைக்கு வந்த அக்கார்டை, இன்றும் நாம் செல்லுமிடமெல்லாம் உடன் கொண்டு செல்லுதல் வேண்டும். "லயத்தில் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது" என்னும் விடை சட்டத்தின் முன் செல்லாது. இதனையொத்த ஒரு விதி, கனடா நாட்டில் நீரின் மேல் செல்வோருக்கும் உண்டு. பிள்ளைகள் படிப்பையும் தொழிலையும் நாடிக் கடல் கடந்து செல்லும் இந்நாளில், அங்கு அவர்களைக் காணச் செல்லும் பெற்றோரும் இதனை அறிந்திருத்தல் நன்று.

கனடா ஏரிகள் நிறைந்த நாடு. அங்கு மீன் பிடிக்கவும் பொழுதைக் கழிக்கவும் சிறு விசைப்படகுகளில் செல்வோர் மிகப் பலர். முற்காலத்தில் விசையை முடுக்கத் தெரிந்த எவரும் படகை ஓட்டலாம் என்னும் நிலை இருந்தது. 1999ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் நடப்புக்கு வந்த விதிகள் இந்நிலையை மாற்றின. முதலில் இளையோருக்கும், 2002இல் 4 மீட்டருக்குக் குறைந்த நீளமுள்ள படகுகளை ஓட்டுவோருக்கும், 2009 செப்டம்பர் 15 முதல் விசை பூட்டிய உல்லாசப் படகை ஓட்டும் அனைவருக்கும் அவை விரிவாக்கப்பட்டன. வட கோடியிலுள்ள இரு பிரதேசங்கள் மட்டும் இதற்கு விலக்கு.

தேர்வில் 50 வினாக்கள் கேட்கப்படும். நூற்றுக்கு 75 விழுக்காடு பெற்றால் தேர்ச்சி. எதிரெதிரே வரும் இரு விசைப்படகுகளும் வலப்புறம் திரும்பி விலக வேண்டும்; குறுக்கே வரும் படகு நமக்கு வலப்பக்கம் இருப்பின் நாமே வழிவிட வேண்டும்; கடலிலிருந்து உள்நோக்கிச் செல்கையில் சிவப்பு மிதவை வலப்புறமாகவும் பச்சை மிதவை இடப்புறமாகவும் அமைய வேண்டும். இவை போன்றவற்றை அறிந்தவரே தேர்வில் வெல்ல இயலும். நீர்ப்பரப்பில் கோடு போட்ட சாலையும் இல்லை, விளக்குக் கம்பமும் இல்லை என்பதை எண்ணிப் பார்த்தால் இவ்வறிவின் அருமை விளங்கும்.

உயிர்காப்பு மேலங்கியைப் பற்றிய பாடம் இவையனைத்தினும் முக்கியமானது. படகிலுள்ள ஒவ்வொருவருக்கும் அளவுக்கேற்ற அங்கி ஒன்று இருந்தாக வேண்டும். ஆயினும், அந்நாட்டில் படகு விபத்துகளில் மூழ்கி இறந்தோரில் பெரும்பாலோர் அதனை அணிந்திருக்கவில்லை. அங்குள்ள ஏரிநீர் கோடையின் தொடக்கத்திலும் உறையும் குளிராக இருக்கும். அதில் திடுமென வீழ்ந்தவர் தம்மையறியாது பெருமூச்சு வாங்குகிறார். தண்ணீர் உள்ளே புகுகிறது. நீச்சலில் வல்லவரும் முதல் ஓரிரு நிமிடங்களிலேயே செயலற்றுப் போவதுண்டு. இருக்கையின் அடியில் கிடக்கும் அங்கியை அப்பொழுது எடுத்து அணிய இயலுமா?

தேறியவருக்கு அளிக்கப்படும் அட்டை வாழ்நாள் முழுவதும் செல்லும். இருபது வயதில் படித்ததை எழுபது வயதிலும் ஒருவர் நினைவில் வைத்திருப்பாரா என்னும் ஐயம் நமக்கு எழாமலில்லை. எனினும் சட்டம் அவ்வாறே உள்ளது. அவ்வட்டையைப் படகில் வைத்திருத்தல் வேண்டும் என்பதில் மட்டும் சட்டம் கண்டிப்பானது. நடு ஏரியில் படகை நிறுத்தும் காவலர், ஓட்டுபவர் வீட்டிற்குச் சென்று எடுத்து வரும்வரை காத்திருக்கலாகாது. கைத்தொலைபேசியின் அலை எட்டாத நீர்ப்பரப்புகளும் பல. அட்டையைக் காட்ட இயலாதவருக்கு 250 டாலர் அபராதம் விதிக்கப்படலாம். அட்டை தொலைந்து போனால் மீண்டும் தேர்வெழுத வேண்டியதில்லை. அதனை வழங்கிய நிறுவனத்திடமே மாற்று அட்டை பெறலாம்.

இங்குப் பலர் குழம்பும் ஓரிடமும் உண்டு. 10 குதிரைச் சக்தியும் அதற்கு மேலும் கொண்ட விசை பூட்டிய படகுக்குத் தனியே ஓர் உரிமம் பெற்று, அதன் எண்ணைப் படகின் பக்கத்தில் எழுதுதல் வேண்டும். அவ்வுரிமம் படகுக்குரியது, அட்டையோ ஆளுக்குரியது. தந்தையின் அட்டையைக் காட்டி மகன் சுக்கானைப் பிடிக்க முடியாது. துணைக்குப் பெரியவர் இல்லாத நிலையில், 12 வயது நிரம்பாதவர் 10 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட விசையை இயக்கலாகாது. 12 முதல் 16 வயதுக்குட்பட்டோருக்கு 40 குதிரைச் சக்தியே எல்லை. நீரில் சீறிச் செல்லும் நீர் மோட்டார் சைக்கிளை 16 வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையிருந்தும் ஓட்ட இயலாது.

அட்டை இல்லாத விருந்தினர் ஒரு நாளைக்குப் படகை வாடகைக்கு எடுக்க விரும்பினால் அதற்கும் வழியுண்டு. வாடகைக்கு விடுபவர் படகின் இயக்கத்தையும் அவ்விடத்து ஆபத்துகளையும் விளக்கிய பின்னர், இருவரும் ஒரு பாதுகாப்புப் பட்டியலில் கையொப்பமிடுவர். அத்தாளையும் படகிலேயே வைத்திருத்தல் வேண்டும். படகைத் திருப்பிக் கொடுத்ததும் அது செல்லாததாகி விடும்.