ஊரார் பள்ளிக்கூடம் – 14: தலைமை வகிக்கும் தாய்

இவ்வாரம் கல்வி வரியைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன். ஆரம்பப் பள்ளிகளை நடத்திவந்த தாலுகா போர்டுகள் 1934இல் கலைக்கப்பட்டதும், 1981 ஜூன் முதல் தேதியிலிருந்து ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானதும் தொடர்ந்து வாசித்து வருவோர்க்கு நினைவிருக்கும். அவற்றை மறுபடியும் விரிக்க இங்கே இடமில்லை. வரியைப் பற்றிய குறிப்புகளைத் தேடிப் போன வழியில் அகப்பட்ட ஒரு செய்தி என் மனத்தை முழுமையாக ஆட்கொண்டுவிட்டமையாலும், இதழ் அச்சேறும் நாள் நெருங்கிவிட்டமையாலும், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆரம்பக் கல்வியை ஸ்தல ஸ்தாபனங்களின் பொறுப்பில் விட வேண்டும் என்று இந்தியக் கல்வி நிலையை ஆராய 1882இல் நியமிக்கப்பட்ட ஹண்டர் கமிஷன் பரிந்துரைத்தபோது, அதன் கண்முன் இருந்த முன்மாதிரிகளுள் ஒன்று, இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய பள்ளிக் குழுக்களாகும். ஊரில் வரி செலுத்துவோர் கூடித் தங்கள் குழந்தைகளின் பள்ளிகளை நடத்துவதற்கென்றே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த அக்குழுக்களில், பார்லிமெண்டுக்கு வாக்களிக்கும் உரிமை ஒரு பெண்ணுக்கும் இல்லாதிருந்த அந்தக் காலத்திலேயே, பெண்கள் தேர்தலில் நிற்கலாம் என்றும், வரி செலுத்தும் பெண்கள் வாக்களிக்கலாம் என்றும் சட்டம் இடமளித்திருந்தது.

அவ்வாண்டு நவம்பரில் நடந்த லண்டன் பள்ளிக் குழுத் தேர்தலில், பிரிட்டனில் மருத்துவராகத் தகுதிபெற்ற முதல் பெண்மணி என்று புகழப்பெறும் எலிசபெத் காரெட், மேரிலெபோன் தொகுதியில் நின்றார். ஒரு தொகுதிக்கு எத்தனை இடங்களோ அத்தனை வாக்குகள் ஒவ்வொருவருக்கும் உண்டு. அவற்றைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கலாம், விரும்பினால் ஒருவருக்கே அனைத்தையும் குவித்துவிடலாம். அந்த முறையில் காரெட் அம்மையார் 47 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்று முதலிடத்தில் வந்தார். அத்தொகுதியில் அவருக்கு அடுத்தபடியாகத் தேர்வானவர், டார்வினின் கொள்கைக்காக உலகறிய வாதாடிய விஞ்ஞானி ஹக்ஸ்லி. அம்மையார் பெற்ற வாக்குகளில் மூன்றில் ஒரு பங்குகூட அவருக்குக் கிடைக்கவில்லை. கிரீனிச் தொகுதியில் எமிலி டேவிஸ் என்ற மற்றொரு பெண்மணியும் வென்றார். பள்ளிக் குழுவுக்கு இத்துணை வாக்குகளால் தெரிந்தெடுக்கப்பட்ட காரெட் அம்மையார், பிற்காலத்தில் ஆல்ட்பரோ என்னும் ஊரின் மேயராகவும் விளங்கி, 1917 டிசம்பர் 17ஆம் தேதி காலமானார். முப்பது வயது கடந்த பெண்களுக்குப் பார்லிமெண்டு வாக்குரிமை வழங்கிய சட்டம் நிறைவேறியது அதற்கு ஏழு வாரங்கள் கழித்து, 1918 பிப்ரவரியில்தான். தேசத்தின் ஆட்சியில் பங்கில்லாத பெண், பிள்ளைகளின் பள்ளியை ஆளத் தகுந்தவள் என்பதை அந்த நாடு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தது.

இச்செய்தி நம் பிரதேசத்துக்கு அந்நியமானதன்று. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களுள் ஒருவரான மேரி ஷார்லீப், பின்னர் லண்டன் சென்று பயின்றது காரெட் அம்மையார் போதித்த பெண்கள் மருத்துவப் பள்ளியிலேயாகும். அம்மையார் மறைந்த மறு ஆண்டான 1918இல், நம் வேலூரில் ஐடா ஸ்கடர் பெண்களுக்கென்று ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். 1921இல் சென்னை மாகாணச் சட்டசபை, இந்தியாவின் மாகாணங்களுள் முதன்முதலாக, சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. 1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அச்சபையின் துணைத்தலைவரானார். ஆயினும், பள்ளிக்கூடத்தை மேற்பார்வையிடும் அதிகாரம், குழந்தையைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துவரும் ஏழைத் தாயின் கைக்கு வந்து சேர இன்னும் நெடுங்காலம் பிடித்தது.

2009ஆம் ஆண்டின் கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம், அதன் 21ஆம் பிரிவின் மூலம், பள்ளி மேலாண்மைக் குழு என்ற அமைப்பைக் கட்டாயமாக்கியது. உறுப்பினரில் நாலில் மூன்று பங்கினர் அப்பள்ளிக் குழந்தைகளின் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். பள்ளியின் நடைமுறையைக் கண்காணிப்பதும், வளர்ச்சித் திட்டம் வகுப்பதும், வந்த மானியம் செலவாகும் விதத்தைப் பார்ப்பதும் அதன் கடமைகள். தமிழ்நாட்டில் 2022இல் இக்குழுக்கள் இருபது உறுப்பினரோடு புதிதாக அமைக்கப்பட்டபோது, தலைமைப் பொறுப்பு பெற்றோருள் ஒரு பெண்ணுக்கே உரியதாயிற்று. பின்னர் முன்னாள் மாணவருக்கும் குழுவில் இடம் கிடைத்தது. லண்டனில் கீர்த்தி பெற்ற ஒரு மருத்துவருக்குக் கிடைத்த ஸ்தானம், ஆம்பூரில் செருப்புத் தைக்கும் ஒரு தாய்க்குச் சட்டப்படியே உரியதாகிவிட்டது என்பதை எண்ணும்போது மனம் பூரிக்கிறது.

ஆனால் அவள் அந்த ஸ்தானத்தில் அமரும் நேரம் எது? ஆம்பூரைச் சுற்றியுள்ள ஷூ கம்பெனிகளில் ஷூவின் மேற்பகுதியாகிய அப்பரைத் தைக்கும் மிஷின்களின் முன் அமர்ந்திருப்போரில் மிகப் பலர் பெண்கள். விடிந்ததும் கம்பெனி பஸ் வந்துவிடும். பொழுது சாயும்போதுதான் அது அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடும். குழுக் கூட்டமோ வழக்கமாக வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்குக் கூடி நாலரைக்கு முடிகிறது. இப்பகுதிப் பள்ளியொன்றில் நான் பார்த்த கூட்டத்தில், தலைவியாகிய தாய் வந்து சேர்ந்தபோது மணி நாலே கால். தீர்மானப் புத்தகத்தில் எல்லாம் எழுதி முடித்திருந்தார்கள். அவள் கையெழுத்துக்கு மட்டும் இடம் விடப்பட்டிருந்தது. தலைமையாசிரியை பரிவோடு, “கொஞ்சம் முன்னாடி வரக்கூடாதாம்மா?” என்று கேட்டார். “கேட் பாஸ் போட்டா அரை நாள் சம்பளம் போயிடும், டீச்சர். சூப்பர்வைசர் அண்ணன் கிட்ட கெஞ்சித்தான் இப்பவே வந்தேன்” என்றாள் அவள். அதன்பின் கையெழுத்திடாமல் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, விரலை வரிகளின்மேல் ஓட்டி நிதானமாகப் படித்துவிட்டு, “பொம்பளப் பிள்ளைங்க கக்கூஸுக்குக் கதவு தாப்பா இல்லன்னு போன தடவையே சொன்னேனே, அது இதுல இல்லியே” என்றாள். தலைமையாசிரியை அவ்வரியைத் தம் கையாலேயே சேர்த்த பிறகுதான் கையெழுத்து விழுந்தது. பள்ளிக்குள் அன்றாடம் வரும் எவர் கண்ணுக்கும் படாத குறை, மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட தாயின் கண்ணுக்குப் பட்டது. சட்டம் தாயைத் தலைவியாக்கியதன் நியாயம் இதுவே.

இந்தத் தோல் பிரதேசத்தில் எல்லாப் பள்ளிகளும் இச்சட்டத்துக்கு உட்பட்டவையல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் வணிகர்களின் கொடையால் தழைத்த இஸ்லாமியா, மஜ்ஹருல் உலூம் பள்ளிகளும், லுத்தரன் மிஷனார் நிறுவிய கன்கார்டியாவும் சிறுபான்மையோர் நிறுவனங்கள். அத்தகைய பள்ளிகளை இச்சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தம் சமுதாயத்தின் கல்விக்கு வாரி வழங்கிய வணிகப் பரம்பரையினர்க்கு, நகராட்சிப் பள்ளியின் கூட்டத்துக்குத் தம் தொழிலாளியை ஒரு பிற்பகல் அனுப்பி வைப்பது பெரிய காரியமாகாது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். கல்வித்துறையார், தொழிலாளத் தாய்மார் மிகுந்த ஊர்களிலேனும், கூட்டத்தை அவர்கள் வேலை முடிந்து வரும் நேரத்துக்கோ விடுமுறை நாளுக்கோ மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்தை அந்தந்தக் குழுவுக்கே அளிக்கட்டும். அது கைகூடும் வரையில், ஷூ கம்பெனிகளையும் தோல் ஷாப்புகளையும் நடத்துவோர், தம்மிடம் வேலை செய்யும் குழுத் தலைவிக்கும் உறுப்பினர்க்கும் கூட்ட நாளில் சம்பளம் பிடிக்காமல் அனுமதி அளிக்கட்டும். ஒரு கம்பெனியில் அத்தகையோர் ஒரு சிலரே இருப்பார்கள். வாசகர்களும் தங்கள் தெருப் பள்ளியின் தலைவி யார் என்று விசாரித்து, கூட்டம் நடக்கும் வேளையில் அவர் எங்கே இருக்கிறார் என்பதையும் கேட்டறிந்து எனக்கு எழுத வேண்டுகிறேன். கல்வி வரி அடுத்த வாரம்.