கோப்பு இல்லையா, பதிலே வரவில்லையா?

[திரை: ஹைதராபாத் வரைபடம், பிரகதி நகரில் உள்ள இன்காய்ஸிலிருந்து பிரெஸ்டுக்கும் மான்டரேக்கும் கோடுகள்]

இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையமாகிய இன்காய்ஸ், 1999 முதல் ஹைதராபாத்தில் இயங்கி வருகிறது. பெருங்கடல்களை அளக்கும் ஆர்கோ திட்டத்தின் மிதவைகள் ஏறத்தாழ 10 நாட்களுக்கு ஒருமுறை 2000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலேறிவரும் வழியில் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளந்து செயற்கைக்கோள் வழியே அனுப்புகின்றன. இந்திய மிதவைகளின் அளவீடுகளை இன்காய்ஸ் சரிபார்த்துக் கோப்புகளாக்கி, பிரான்சின் பிரெஸ்டிலும் அமெரிக்காவின் மான்டரேயிலும் உள்ள உலகத் தரவு மையங்களுக்கு அனுப்புகிறது. அக்கோப்புகளை வீட்டிலிருந்தே ஆராயும் மாணவர் எவரும் முதலில் அறிய வேண்டியது, தமக்குத் தேவையான கோப்பு தாம் அணுகும் தொலைக் கணினிக்கு வந்துவிட்டதா என்பதே. கோப்புகள் நூற்றுக்கணக்கில் பெருகும்போது இதைக் கையால் பார்க்க இயலாது. கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஷெல் ஸ்கிரிப்ட்டே அதற்கு வழி.

[திரை: முடிவு எண்கள் 0, 1, 255]

உள்நுழையும் உரிமை உள்ள கணினி எனில், எஸ்எஸ்ஹெச் பயன்படும். இது 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவாடப்பட்டதை அடுத்து டாட்டூ யுலோனென் உருவாக்கிய மறையாக்கத் தொடர்பு முறை. அதன் வழியே ‘டெஸ்ட்’ என்னும் கட்டளையை ‘-எஃப்’ குறியுடன் அனுப்பினால், தொலைக் கணினி அதை இயக்கி முடிவு எண் ஒன்றைத் திருப்பித் தரும். முடிவு எண் என்பது, ஒரு கட்டளை எவ்வாறு முடிந்தது என்பதை ஷெல்லுக்கு உணர்த்தும் எண்: 0 எனில் கோப்பு உண்டு, 1 எனில் இல்லை, 255 எனில் இணைப்பே கிடைக்கவில்லை.

ஸ்கிரிப்ட் எழுதுவோர் பலர் 0 அல்லாத எதையும் ‘இல்லை’ என்று கொண்டுவிடுவதால், இணைப்பு அறுந்த ஓர் இரவில் எல்லாக் கோப்புகளும் காணாமற்போனதாக அறிக்கை எழுகிறது. எனவே மூன்று விடைகளையும் தனித்தனியே கையாள வேண்டும். 1 என்ற விடையும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. கோப்பு இருக்கும் அடைவுக்குள் செல்ல அனுமதி இல்லையெனினும் அதே எண்தான் வரும்.

மேலும் சில முன்னெச்சரிக்கைகள் உண்டு. கடவுச்சொல் கேட்டு ஸ்கிரிப்ட் நின்றுவிடாதிருக்க ‘பேட்ச்மோட்’ விருப்பத்தையும், பதிலற்ற கணினிக்காகக் காத்துக் கிடக்காதிருக்கக் ‘கனெக்ட்டைம்அவுட்’ விருப்பத்தையும் சேர்த்தல் வேண்டும். கோப்புப் பட்டியலை வரிவரியாகப் படிக்கும் சுழற்சிக்குள் எஸ்எஸ்ஹெச் இயங்கினால், அது எஞ்சிய வரிகளையும் தானே உள்வாங்கிவிடுவதால் முதல் வரியோடு வேலை முடிந்துவிடும். ‘-என்’ குறி அதைத் தடுக்கும். கோப்பின் பெயரில் இடைவெளி இருப்பின், அப்பெயரைத் தொலைக் கணினியின் ஷெல் மறுபடியும் பிரித்துப் படிக்கும் என்பதால், அங்கும் செல்லுபடியாகும்படி மேற்கோள் குறி இடவேண்டும்.

[திரை: ‘கர்ல்’ கட்டளையின் வெளியீடு]

ஆர்கோ மையங்கள் போன்ற பொதுச் சர்வர்களில் உள்நுழைய இயலாது. ஆகவே ‘கர்ல்’ கட்டளையை ‘-ஐ’ குறியுடன் இயக்கி, கோப்பை இறக்காமல் அதன் தலைப்புத் தகவலை மட்டும் கேட்க வேண்டும். சர்வரின் பதிலில் 200 என்பது உண்டு என்றும் 404 என்பது இல்லை என்றும் பொருள்படும். ஆனால் 404 வந்தாலும் கர்லின் முடிவு எண் இயல்பாக 0 ஆகவே இருக்கும். அதனால் இங்கே சர்வர் தரும் எண்ணைத்தான் படிக்க வேண்டும்.

ஆர்கோ கோப்புகளின் பெயரிலும் ஒரு நுட்பம் உண்டு. உடனடித் தரவுக் கோப்பின் பெயர் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும்; வல்லுநர் திருத்திய பதிப்பு வந்ததும் அதை நீக்கி, ‘டி’ எழுத்தில் தொடங்கும் கோப்பை அவ்விடத்தில் வைப்பர். ஒரே பெயரைத் தேடும் ஸ்கிரிப்ட், மேம்பட்ட தரவு வந்த அன்றே ‘கோப்பு இல்லை’ என்று சொல்லும்.

இறுதியாக, இருப்பது வேறு, முழுமையாக இருப்பது வேறு. பாதி மட்டும் ஏறிய கோப்புக்கும் டெஸ்ட் 0 என்றே விடை தரும். ஆதலால் அனுப்புவோர் தற்காலிகப் பெயரில் ஏற்றி, முடிந்தபின் உரிய பெயருக்கு மாற்றுக. பெறுவோர் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிடுக. ‘உண்டு’, ‘இல்லை’ ஆகியவற்றோடு ‘தெரியவில்லை’ என்றும் சொல்லத் தெரிந்த ஸ்கிரிப்ட்டே நம்பத்தக்கது.